பங்குனிப் பருந்துகள்: புவனகிரி வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மலேசியாவில் இருக்கும் உங்கள் தங்கை மார்ச் மாதம் போர்ட் டிக்சன் பக்கம் போயிருக்கிறார். அங்கே கலங்கரை விளக்கக் குன்றில் சிலர் தொலைநோக்கியும் நோட்டுமாக உட்கார்ந்து, கடலைத் தாண்டி வரும் பருந்துகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சம்பளம் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள் என்று அவர் சொன்னதை நீங்கள் வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவி "எண்ணி என்ன டீச்சர் பண்ணுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். நம் ஊரிலும் இதைச் செய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் போக முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தங்கை பார்த்த இடத்தின் பெயர் தஞ்சோங் துவான். மலாக்கா நீரிணையின் கரையில் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் காட்டுக் குன்று அது. நம் பரங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்த அதே போர்த்துகீசியர்தான் 16ஆம் நூற்றாண்டில் அந்தக் குன்றில் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். எதிரே சுமத்ராவை ஒட்டி ரூபாத் என்ற தீவு. நடுவில் இருக்கும் கடலின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். கடல் இப்படிக் குறுகுவதால்தான் பருந்துகள் அங்கே கூடுகின்றன.

பெரிய சிறகுள்ள பறவைகள் நெடுந்தூரத்தைச் சிறகடித்துக் கடப்பதில்லை. வெயில் ஏறியதும் சூடான நிலத்திலிருந்து வெப்பக் காற்று மேலெழும். பருந்து அதற்குள் புகுந்து வட்டமிட்டே உயரும். போதிய உயரம் கிடைத்ததும் சிறகை விரித்தபடி அடுத்த வெப்பக் காற்றுவரை சறுக்கிப் போகும். இப்படி ஏறுவதும் சறுக்குவதுமாகப் போனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு அதிகம் செலவாகாது. ஆனால் கடலுக்கு மேல் இந்த வசதி மிகக் குறைவு. அங்கே பெரும்பாலும் சிறகடித்துத்தான் ஆகவேண்டும், களைத்தால் இறங்க இடமும் இல்லை. எனவே கடலை எங்கே குறைந்த தூரத்தில் தாண்டலாமோ அங்கே எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்கின்றன. குளிர்காலத்தைச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் கழித்த தேன் பருந்துகள் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கம்வரை இந்த வழியாக வடக்கே திரும்புகின்றன. காலை வெயில் ஏறியபின் ரூபாத்திலிருந்து கிளம்பி, உச்சிவேளையை ஒட்டித் தஞ்சோங் துவானை அடைகின்றன. அந்நேரம் உயரத்தை இழந்து மரத்தலைப்புக்குச் சற்று மேலே வரும். கரை தொட்டதும் காட்டின் மேல் எழும் சூடான காற்றைப் பிடித்து மறுபடி உயரும். அந்தச் சில நிமிடங்கள்தான் எண்ணுபவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

இந்தத் தேன் பருந்துகளில் சில ஜப்பான்வரை போகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியின் குழு அவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தது. இலையுதிர் காலத்தில் கிழக்குச் சீனக் கடலை நேரே குறுக்காகத் தாண்டித் தெற்கே வருபவை, வசந்தத்தில் அந்த வழியில் திரும்புவதில்லை. மலாய்த் தீபகற்பம், சீனா, கொரியத் தீபகற்பம் என்று நிலத்தைச் சுற்றிக்கொண்டு ஜப்பான் போய்ச் சேர்கின்றன. போகும்போது ஒரு வழி, வரும்போது ஒரு வழி. ஆகவே வசந்தத்தில் எண்ணத் தனி ஆட்கள் வேண்டும், தனி இடம் வேண்டும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவானில் இதற்காகவே வசந்த விழா ஒன்றை நடத்திவருகிறது. விழாவுக்கு வருபவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம். எண்ணுபவர்களோ வாரக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

எண்ணுவது எப்படி என்பதையும் உங்கள் மாணவிகளுக்குச் சொல்லுங்கள். கேட்கும்போது எளிதாகத் தோன்றும் வேலை அது. நூறு பருந்துகள் ஒரே வெப்பக் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது எண்ணத் தொடங்கினால் பார்த்ததையே மறுபடி பார்ப்போம், எண்ணிக்கை கன்னாபின்னாவென்று ஏறும். அனுபவப்பட்டவர்கள் அப்போது எண்ணமாட்டார்கள். சுழல் முடிந்து அவை உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து ஒரே திசையில் வரிசையாகச் சறுக்கும் வரை காத்திருப்பார்கள். ஒரு மரத்தையோ கம்பத்தையோ எல்லைக்கோடாக மனத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுவார்கள். ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். மணிக்கு ஒரு தாள். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். இனம் தெரியாத பறவைக்கென்று தனிக் கட்டம் உண்டு. ஒரு மணி நேரம் வானம் வெறுமையாக இருந்தால் அந்தத் தாளில் சுழியம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பார்த்தும் எதுவும் வரவில்லை என்பது ஒரு தகவல். பார்க்கவே இல்லை என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத கணக்கை யாரும் பயன்படுத்த முடியாது.

இனி உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். எண்ணி என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலைமுகடு இருக்கிறது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆயிரக்கணக்கான பருந்துகளும் கழுகுகளும் அதன்மேல் தாழப் பறந்து தெற்கே போகும். 1930களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் அந்த முகட்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்து விளையாட்டாகச் சுட்டு வீழ்த்துவார்கள். கோழி பிடிக்கும், வேட்டைப் பறவையைக் குறைக்கும் என்று காரணம் சொன்னார்கள். 1929இல் மாநில அரசே ஒருவகை வல்லூறைக் கொன்றால் ஐந்து டாலர் பரிசு என்று அறிவித்திருந்தது. வரிசையாகக் கிடத்தப்பட்ட பறவைகளின் புகைப்படங்களைப் பார்த்த ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி, 1934இல் அந்த முகட்டைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்கு அமர்த்தினார். அவரும் மனைவி இர்மாவும் துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தப் பாறையில் உட்கார்ந்து மேலே போவதை எண்ணத் தொடங்கினார் ப்ரூன். ஹாக் மவுண்டன் என்று இன்று உலகம் அறிந்த இடம் அதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் நின்றதைத் தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

ப்ரூன் கழுகுகளை எண்ணும்போது வளர்ந்தது எத்தனை, இளங்கழுகு எத்தனை என்று பிரித்து எழுதினார். 1935 முதல் 1939 வரை அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை அது 20ஆகக் குறைந்துவிட்டது. 1957இல் 32 பெரிய கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகுதான். வானத்தில் கழுகு பறந்துகொண்டுதான் இருந்தது, பார்ப்பவர்களுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் குஞ்சு பொரிப்பது நின்றுகொண்டிருந்தது. ராச்சேல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிராக வைத்த சான்றுகளில் இந்த எண்களும் இருந்தன. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. 1934இல் நோட்டைத் திறந்தபோது ப்ரூனுக்கு டி.டி.டி. என்ற பெயரே தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அப்போது அது பூச்சிக்கொல்லியாகப் புழக்கத்துக்கு வந்திருக்கவே இல்லை. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே அவர் எழுதிவைத்த எண்கள் கால் நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொல்லின.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. பரத்பூரில் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எண்ணிய விபு பிரகாஷ், 1990களின் நடுவில் மறுபடி எண்ணியபோதுதான் அவற்றின் எண்ணிக்கை சரிந்துவிட்டது ஆதாரத்தோடு தெரிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99.9 பங்கு அழிந்துபோனது. மாடுகளுக்குப் போடும் வலிமருந்தான டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. பழைய கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் "முன்னே நிறைய இருக்கும்" என்ற பெரியவர்களின் பேச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பேச்சை வைத்து ஒரு மருந்தைத் தடைசெய்ய எந்த அரசும் முன்வராது. இப்போது தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் பாறுகளை எண்ணுகின்றன. 2023 பிப்ரவரியில் மூன்று மாநிலங்களிலும் சேர்த்துக் கிடைத்த எண்ணிக்கை 246. அதற்கும் வனத்துறையினரோடு தன்னார்வலர்கள் காட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

உங்கள் மாணவிகளுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் திருக்கழுக்குன்றத்தைச் சொல்லுங்கள். உச்சிக்காலத்தில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருக்க, இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து உண்டுபோகும். நூற்றாண்டுகளாக நடந்த இது 1990களின் கடைசியில் நின்றுவிட்டது. இந்தியாவின் எத்தனையோ ஊர்களில் இதே பாறு ஓசையில்லாமல் மறைந்தது. திருக்கழுக்குன்றத்தில் மட்டும் அது ஊரறிந்த செய்தியானது. ஏனென்றால் அங்கே தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பறவை வருகிறதா என்று பார்க்க ஆள் இருந்தது. பக்தியால் நடந்தது என்றாலும் அதுவே மிகச் சரியான கணக்கெடுப்பு முறை. ஒரே இடம், ஒரே நேரம், விடாமல் பார்ப்பது. இந்த மூன்றும் இருந்தால் பாமரரும் எண்ணலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் பேராசிரியர் எண்ணினாலும் பயனில்லை.

புவனகிரியில் உட்கார்ந்து இதைச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் தஞ்சோங் துவானில் தெரிவதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இஸ்ரேலின் ஏலாத்தில் ஒரே வசந்தத்தில் பத்து லட்சத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். ஜார்ஜியாவின் படுமியில் 2008இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய கணக்கெடுப்பிலும் இலையுதிர் காலத்தில் அதே அளவு வருகின்றன. அங்கெல்லாம் மலையும் கடலும் சேர்ந்து பறவைகளைக் குறுகிய வழிக்குள் நெருக்குகின்றன. இமயமலைச் சாரலில் தர்மசாலாவை ஒட்டியும் அப்படி ஒரு வழி உண்டு. 2001 இலையுதிர் காலத்திலும் 2002 வசந்தத்திலும் அங்கே புல்வெளிக் கழுகுகள் ஆயிரக்கணக்கில் கடந்துபோனது எண்ணப்பட்டது. நம்முடையதோ வெட்டவெளி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குன்று என்று சொல்ல எதுவும் இல்லை. வடக்கே போகும் பறவை எந்த வயலுக்கு மேலும் போகலாம். வானத்தில் ஆறு ஓடுவதுபோல் பருந்துகள் ஓடும் காட்சி புவனகிரியில் கிடைக்காது.

ஆனால் கடலோர மலைமுனைகளில் கிடைக்காத ஒன்று புவனகிரியில் இருக்கிறது. அங்கே பருந்துகள் கடந்துபோகின்றன. நம் ஊரில் சில பருந்துகள் குளிர்காலம் முழுக்கத் தங்கி, பங்குனியில் கிளம்புகின்றன.

தை பிறந்து சம்பா அறுவடை நெருங்கும்போது, வயல் ஈரம் காய்வதற்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நெல் அறுத்தபின் தாளுக்கிடையில் உளுந்து முளைத்து, மாசியில் வயல் முழுக்கப் பச்சை பரவிக் கிடக்கும். அந்த நாட்களில் மாலை நாலரை மணிக்கு வயல் வரப்பில் நின்று பாருங்கள். தரைக்கு ஆளுயரத்தில் ஒரு பறவை சிறகுகளை ஆங்கில வி எழுத்தைப்போல் சற்றே உயர்த்திப் பிடித்தபடி, அவசரமே இல்லாமல் வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிதந்து போகும். நாலைந்து முறை சிறகடிக்கும், பிறகு ஒரு மிதப்பு. தலை குனிந்தே இருக்கும். முகம் ஆந்தையின் முகம்போல் வட்டமாக இருக்கும். அந்த வட்டம் ஒலியைக் காதுக்குக் கூட்டித் தருகிறது, தாளுக்குள் எலி அசையும் ஓசையைக்கூடப் பிடித்துவிடும். சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை நீட்டிப் பயிருக்குள் விழும். பத்து நொடியில் எழுந்தால் தவறவிட்டது என்று பொருள். எழாமல் இருந்தால் கிடைத்ததைத் தின்றுகொண்டிருக்கிறது.

இவைதான் பூனைப்பருந்துகள். தமிழ்நாட்டுக்கு வலசை வருபவற்றில் பரவலாகத் தெரிவன மூன்று வகை. நாணலும் கோரையும் மண்டிய ஏரிப் பக்கங்களில் சேற்றுப் பூனைப்பருந்து. வீராணத்தில் நீர்ப்பறவைக் கூட்டம் ஒன்றாக எழுந்து பறந்தால் அனேகமாக அது மேலே வந்திருக்கும். வறண்ட வெட்டவெளியில் வெளிர் பூனைப்பருந்தும் மாண்டேகு பூனைப்பருந்தும். கடைசி இரண்டும் கஜகஸ்தான், தென் ரஷ்யப் புல்வெளிகளில் கூடு கட்டுபவை. ஐப்பசியை ஒட்டி இங்கே வந்து, பங்குனியில் திரும்புகின்றன. கூட்டையும் தரையில்தான் கட்டும், குளிர்காலத்தில் இரவு உறக்கமும் தரையில்தான். பொழுது சாயும் வேளையில் உயர்ந்த புல் நிறைந்த இடத்துக்கு ஒவ்வொன்றாக வந்து கூட்டமாக இறங்கும். குஜராத்தின் வேளாவதார் புல்வெளி இதற்கு உலகப் புகழ் பெற்றது. ராஜர் கிளார்க் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1990களில் அங்கே பூனைப்பருந்துகள் உமிழ்ந்த உருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி வெட்டுக்கிளி.

எலியும் வெட்டுக்கிளியும் தின்னும் பறவை உளுந்து வயலுக்கு மேல் பறப்பது விவசாயிக்கு லாபம். நம் பக்கத்தில் தென்னை மட்டையை வயலில் நட்டு ஆந்தைக்கு இடம் செய்துகொடுப்பதும், தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பதும் பழைய வழக்கம். எலிக்கு விஷம் வைப்பது பின்னால் வந்தது. விஷம் தின்ற எலியைத் தின்னும் பறவைக்கும் கேடு. பூச்சிமருந்து தெளித்தால் வெட்டுக்கிளி இருக்காது, இருந்தாலும் அதில் மருந்து இருக்கும்.

வசந்த காலத்துக் கணக்கின் அருமை இங்கேதான் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் எண்ணினால் அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளும் அதில் அடக்கம், எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். வசந்தத்தில் எண்ணுவது குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு வீடு திரும்புபவற்றை. இனி கூடு கட்டப்போவது இவைதான். அந்தக் குளிர்காலத்தை அவை கழித்தது நம் வயலில், நம் ஏரியில், நம் மருந்துகளுக்கு நடுவில். வெளிர் பூனைப்பருந்து குறைந்தால் கஜகஸ்தான்காரர்களைக் கேட்பதற்கு முன் நாம் நம் பங்கைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க, ஐரோப்பிய, ஆசிய நாடுகளுக்கு இடையே வலசை போகும் கொன்றுண்ணிப் பறவைகளைக் காப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இந்தியா 2016இல் கையெழுத்திட்டிருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டிய இடங்களில் நம் உளுந்து வயலும் ஒன்று.

நம் நாட்டில் கொன்றுண்ணிப் பறவைகள் குறைகின்றன என்பதும் தன்னார்வலர்களின் நோட்டிலிருந்து தெரியவந்ததே. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. கொன்றுண்ணிகளும் திறந்தவெளியில் வாழ்பவையும் கடுமையாகக் குறைந்துள்ளன என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. பூனைப்பருந்து இந்த இரண்டு வகையிலும் சேரும். அந்த மூன்று கோடியில் சென்னை, கோவை போன்ற நகரங்களைச் சுற்றி வந்தவை நிறைய இருக்கும். புவனகிரி, சேத்தியாத்தோப்பு, பரங்கிப்பேட்டை வயல்களிலிருந்து மாசி பங்குனியில் வாரந்தவறாமல் வரும் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன்.

ஒரு வயல்வெளியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில் இருக்கட்டும். வரப்பு அல்லது வாய்க்கால் கரை ஒன்றைப் பாதையாக வைத்துக்கொள்ளுங்கள், உளுந்துக்குள் யாரும் காலை வைக்கக் கூடாது. வயல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதற்கு என்று கேட்டால் எலி தின்னும் பருந்தை எண்ணுகிறோம் என்று சொல்லுங்கள், அவருக்கு அதில் உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். போன ஆண்டு எப்போது பார்த்தார், முன்பு எத்தனை வரும் என்று அவர் சொல்வதையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். தை கடைசியில் தொடங்கிச் சித்திரை முதல் வாரம் வரை, ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நாலரை முதல் ஆறு வரை. தேர்வு நெருங்கும் வாரங்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்களும் இன்னொருவரும் போனால் போதும், வாரம் விடக் கூடாது. திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் பிள்ளைகளை எப்போதும் கூட்டமாகவே அனுப்புங்கள்.

முதல் ஆண்டில் வகை பிரிக்க முடியாமல் திணறுவீர்கள். வெளிர் பூனைப்பருந்தின் பெண்ணையும் மாண்டேகுவின் பெண்ணையும் பிரித்தறிய அனுபவசாலிகளே தயங்குவார்கள். இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. "பூனைப்பருந்து, வகை தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர் கணக்கையே கெடுக்கும். வெளிர், மாண்டேகு வகைகளின் ஆண் சாம்பல் வெள்ளையாக இருக்கும், அதைக் கருந்தோள் பருந்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. கருந்தோள் பருந்து நம் ஊர்ப் பறவை, எங்கும் போகாது. மின்கம்பியில் உட்காரும், வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அதன் கருப்பு தோளில் இருக்கும். பூனைப்பருந்துக்குக் கருப்பு சிறகு நுனியில், அது அப்படி நின்று பறப்பதும் குறைவு. க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' கிடைத்தால் பள்ளி நூலகத்துக்கு வாங்குங்கள். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தொடக்கத்துக்கு மிகவும் உதவும். ஒரே ஒரு தொலைநோக்கி இருந்தால்கூடப் போதும், பூனைப்பருந்து தாழப் பறப்பதால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

கூடவே மற்றப் பருந்துகளையும் எழுதுங்கள். ஊரிலேயே இருக்கும் செம்பருந்து, கள்ளப்பருந்து, வல்லூறு. வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரம் பக்கம் போனால் குளிர்காலத்தில் விராலடிப்பானைத் தேடுங்கள், தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு எழும் பறவை அது. உயர்ந்த கோபுரங்களிலும் கட்டடங்களிலும் பொரி வல்லூறு குளிர்காலத்தில் தங்குவதுண்டு, சிதம்பரம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பாருங்கள். இவை கூடுதல் தகவல். முதன்மையான கணக்கு சனிக்கிழமை மாலை, அதே வரப்பு, அதே பூனைப்பருந்து.

இன்னொன்று. எங்கேயாவது பூனைப்பருந்துகள் கூட்டமாக உறங்க இறங்கும் புல்வெளி கண்ணில் பட்டால் பெரிய கண்டுபிடிப்பு அது. தள்ளி நின்று, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, வந்து இறங்குவதை எண்ணுங்கள். உள்ளே போகாதீர்கள், படம் பிடிக்க எழுப்பாதீர்கள், இடத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பறவை பிடிப்பவர்களும் அதைப் படிப்பார்கள்.

பதிவுகளை நோட்டில் தமிழில் எழுதி, வீட்டுக்கு வந்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நாலு நாள் பழகிக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. பொங்கலில் கை பழகினால் தை கடைசியில் பூனைப்பருந்துக்குத் தயாராகிவிடலாம். நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதன் முதல் பக்கத்தில் இடம், பாதை, நேரம், எண்ணியவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். நீங்கள் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் அதே வரப்பில் நிற்க அது வேண்டும்.

முதல் ஆண்டு முடிவில் உங்கள் கையில் சில எண்கள் இருக்கும். மூன்று, இரண்டு, சுழியம், நான்கு என்று. இதற்கா இவ்வளவு பாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீராணத்தின் நீர்மட்டத்தைச் சொல்லி விளக்குங்கள். முழுக் கொள்ளளவு 47.50 அடி. இன்று 44 அடி என்று ஒரு நாள் செய்தியில் வந்தால் அதை மட்டும் வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அன்றாடம் விடாமல் குறித்துவைத்திருப்பதால்தான் வடவாற்றில் எவ்வளவு தண்ணீர் வேண்டும், சென்னைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறார்கள். உங்கள் மூன்றும் சுழியமும் அப்படித்தான். ஐந்தாண்டு சேர்ந்தால் கேள்வி கேட்கலாம், பத்தாண்டு சேர்ந்தால் பதில் சொல்லலாம். கடைசிப் பூனைப்பருந்தைப் பார்த்த தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்னே வருகிறதா, ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கிளம்புகின்றனவா, உளுந்து போடாத ஆண்டில் வந்தனவா என்பதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்களும் உங்கள் மாணவிகளும் மட்டும்தான்.

"எண்ணி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்ட பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். எண்ணுபவர்கள் பறவைக்கு நேரடியாக எதுவும் செய்துவிடுவதில்லை. பறவைக்கு ஏதாவது நேரும்போது, அது நேர்ந்தது என்று நிரூபிக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். நிரூபிக்க ஆள் இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் வேலை செய்யாது. முதல் நோட்டை அவள் கையிலேயே கொடுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்கு எழுதிவைக்கவும் தெரிந்திருக்கும்.

தை கடைசிச் சனிக்கிழமை தொடங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் இந்த ஆண்டின் எண் என்றைக்கும் கிடைக்காது. சித்திரையில் கணக்கு முடிந்ததும், சுழியங்களையும் சேர்த்து, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.